38 ஆண்டுகள் காத்திருந்து ஒரு பசுவைக் கொன்ற வெடி! பெல்ஜியத்தில் ஒரு சுகமான நடை

(காட்சி: பச்சை வயல், மேயும் பசுக்கள், தூரத்தில் ஒரு மின்கோபுரம்)

1955-ஆம் ஆண்டு. பெல்ஜியத்தின் மேற்கு ஓரத்தில் ப்ளூக்ஸ்டீர்ட் காட்டை ஒட்டிய ஒரு வயல். வானம் இருட்டி, இடி இடிக்கிறது. மின்னல் ஒரு மின்கோபுரத்தின் மேல் இறங்குகிறது. அவ்வளவுதான், கோபுரத்துக்கு அடியிலிருந்த நிலம் அப்படியே பிய்த்துக்கொண்டு மேலே போனது. பள்ளம் மிஞ்சியது. செத்தது ஒரு பசு.

மின்னல் வெறும் தீக்குச்சிதான். மருந்து 1917-இலேயே தயாராக இருந்தது. முதல் உலகப் போரில் ஆங்கிலேயர்கள் வெடிமருந்தை நிரப்பிவிட்டு மறந்துபோன சுரங்கத்தின் மேல், விவரம் தெரியாமல் யாரோ மின்கோபுரத்தை நட்டிருக்கிறார்கள்.

வணக்கம் நண்பர்களே. இன்றைய வீடியோ போரைப் பற்றியது என்று நினைத்து வந்திருந்தால் மன்னிக்கவும். இது நடையைப் பற்றியது. முட்டி வலி உள்ளவர்களும், காலைச் சிற்றுண்டிக்குப் பிறகுதான் எழுந்திருப்பவர்களும் தாராளமாக நடக்கக்கூடிய நடை. இடம், ஈப்பர் நகரமும் அதைச் சுற்றியுள்ள ஃப்ளாண்டர்ஸ் கிராமங்களும். அந்தப் பெயரை உச்சரிக்க வராத ஆங்கிலேயச் சிப்பாய்கள் 'வைப்பர்ஸ்' என்றார்கள். எனவே நீங்கள் எப்படிச் சொன்னாலும் தவறில்லை.

பின்னணியை மூன்றே வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன். 1914 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியப் படை வந்தது, ஈப்பரை மூன்று பக்கம் வளைத்தது, நான்கு ஆண்டுகள் நகரத்தைத் தரைமட்டமாக்கியது. ஆனால் ஊருக்குள் காலூன்ற முடியவில்லை. அந்த நான்கு ஆண்டுகளில் அங்கே இறந்தவர்களின் கல்லறைகள்தாம் இன்று வயலுக்கு வயல், திருப்பத்துக்குத் திருப்பம் நிற்கின்றன.

இனி நடை. இங்கே வரைபடம் தேவையில்லை. ஒரு பேனா போதும். பாதைகள் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு கம்பம், அதில் ஓர் எண். போகவேண்டிய எண்களை உள்ளங்கையில் வரிசையாக எழுதிக்கொள்கிறீர்கள். அந்தந்த எண்ணைக் காட்டும் அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டே போகிறீர்கள். முதலில் சைக்கிள்காரர்களுக்காக வந்த ஏற்பாடு இது. இதை யோசித்தவர் ஹ்யூகோ போலன் என்ற பெல்ஜியப் பொறியாளர். எந்தத் துறைப் பொறியாளர் தெரியுமா? நிலக்கரிச் சுரங்கம்! பூமிக்கு அடியில் பாதைகள் பிரியுமிடத்தில் எண் போட்டிருப்பார்கள். அதையே மேலே கொண்டுவந்துவிட்டார். 1995-இல் லிம்பர்க் பகுதியில் தொடங்கி நாடு முழுவதும் பரவியது.

ஒரே ஓர் எச்சரிக்கை. மை நல்ல மையாக இருக்கட்டும். முதல் நாள் மழையில் என் கையிலிருந்த ஐந்து எண்களில் மூன்று கரைந்து நீல வாய்க்காலாகிவிட்டன. விளைவு, நான் பார்க்க வந்தது போர் நினைவிடம், போய்ச் சேர்ந்தது ஒரு பன்றிப் பண்ணை.

சுரங்கம் என்ற சொல்லை நினைவில் வையுங்கள். இந்த ஊரின் கதையே அதில்தான் இருக்கிறது. இந்தப் பகுதியைச் சற்று நீட்டுவேன், தள்ளிவிட்டுப் போகாதீர்கள்.

ஈப்பருக்குத் தெற்கே மெசின் என்ற மேடு. மேடு என்றால் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து அறுபது, எண்பது மீட்டர்தான். நடக்கும்போது ஏறுகிறோம் என்றே தெரியாது. மேலே போய்த் திரும்பிப் பார்த்தால்தான், அட, ஈப்பரின் கோபுரங்கள் முழுக்கத் தெரிகிறதே என்று வயிற்றில் ஏதோ செய்யும். மேலே இருப்பவனுக்குக் கீழே இருப்பவனின் சோற்றுத்தட்டு வரை தெரியும். அந்த மேட்டில் ஜெர்மானியர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

மேலே ஏற முடியாத ஆங்கிலேயர்கள் கீழே இறங்கினார்கள். ஜெர்மானியர்களுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, வெடிமருந்தை நிரப்பி வெடிக்கவைப்பது திட்டம். அதற்குச் சிப்பாய்களை மட்டும் நம்பவில்லை. மான்செஸ்டரில் சாக்கடைக் குழாய் தோண்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களை அழைத்து வந்து சீருடை மாட்டினார்கள். அவர்களிடம் ஒரு வித்தை இருந்தது. சாய்ந்த மரச் சட்டத்தில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களாலும் மண்வெட்டியை உதைத்துக் களிமண்ணுக்குள் செருகுவார்கள். கடப்பாரைச் சத்தம் கிடையாது. ஒருவர் உதைக்க, ஒருவர் மண்ணைச் சாக்கில் அள்ள, மூன்றாமவர் தள்ளுவண்டியில் இழுத்துப்போவார். மேலே ஜெர்மானியர் தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். கீழே இவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உதைத்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்த தலைவலி மண்ணின் நிறம். மேல்மண் ஈர மணல். அதற்குக் கீழே நீலக் களிமண். (புவியியலாளர்கள் ஒரு முழு யுகத்துக்கே ஈப்பரின் பெயரை வைத்திருக்கிறார்கள், 'ஈப்ரேசியன்' என்று, ஐந்து கோடி ஆண்டுப் பழைய மண்.) அந்த நீல மண்ணை வெளியே கொட்டினால், விமானத்திலிருந்து பார்க்கிறவன் 'ஓ, ஆழமாகத் தோண்டுகிறார்கள்' என்று கண்டுபிடித்துவிடுவான். ஆகவே தோண்டியதைவிட மறைப்பதே பெரிய வேலை. ஒரு வருடத்துக்கும் மேல், இரவிரவாகச் சாக்கு மூட்டைகள்.

1917 ஜூன் 7, அதிகாலை 3.10. பத்தொன்பது சுரங்கங்கள், ஏறக்குறைய 450 டன் வெடிமருந்து. நாளை வரலாற்றை மாற்றுவோமோ இல்லையோ, பூகோளத்தை நிச்சயம் மாற்றிவிடுவோம் என்று முந்தைய நாள் ஒரு தளபதி சொன்னதாகச் சொல்வார்கள். மாற்றிவிட்டார்கள். சத்தம் லண்டன் வரை கேட்டது.

(காட்சி: அல்லி இலைகள் மிதக்கும் வட்டக் குளம்)

இது ஸ்பான்புருக்மோலன். நூறு மீட்டருக்கும் மேல் அகலமான இந்தக் குளத்தை யாரும் வெட்டவில்லை. ஒரு நொடியில் வந்தது. சுற்றி ஒரு ரவுண்டு நடக்கலாம், பத்து நிமிடம்கூட ஆகாது. நான் போனபோது ஒரு நாரை ஒற்றைக் காலில் நின்று மீன் பார்த்துக்கொண்டிருந்தது. இங்கே வைத்த வெடி பதினைந்து விநாடி தாமதமாக வெடித்தது. சத்தம் வராததால் அயர்லாந்துச் சிப்பாய்கள் சிலர் பதுங்குகுழியை விட்டுக் கிளம்பிவிட்டார்கள்; வானத்திலிருந்து விழுந்த மண்ணில் மாண்டார்கள். பக்கத்து வயலில் சிறிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. குளத்தை மட்டும் படமெடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நூறு அடி கூடுதலாக நடங்களேன்!

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்த இடம், 'ஹில் 60'. ஆயிரமாயிரம் பேர் இந்தக் குன்றுக்காக இறந்தார்கள். இது குன்றே அல்ல! 1850-களில் ரயில் பாதைக்காக வெட்டிய மண்ணை ஓரமாகக் குவித்து வைத்தார்கள். அந்தக் குவியல்தான் இது. ரயில்வே கொட்டிய மண்மேட்டுக்கு இரண்டு பேரரசுகள் அடித்துக்கொண்டன. அதே பள்ளத்தில் இன்றும் ரயில் ஓடுகிறது. கோர்ட்ரெய்க்கிலிருந்து ஈப்பர் வருகிறவர்கள், செல்பேசியைப் பார்த்துக்கொண்டே இதைக் கடந்துவிடுகிறார்கள். மரப்பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பலகையை விட்டு இறங்காதீர்கள். அந்த மண்ணுக்குள் இன்னும் எடுக்கப்படாத உடல்கள் இருக்கின்றன.

இனி சட்டென்று சில இடங்கள். மெசினில் அயர்லாந்து வட்டக் கோபுரம், 1998-இல் திறந்தது. 'டைன் காட்' கல்லறைத் தோட்டத்தில் பன்னிரண்டாயிரம் வெள்ளைக் கற்கள், பேசாமல் நடங்கள். ஈப்பரின் கோட்டைச் சுவர்மேல் 2.6 கிலோமீட்டர் நடை. குழந்தை வண்டியும் போகும். ஈப்பரின் போர் நினைவு வளைவான மெனின் வாயிலில் உடல் கிடைக்காத 54,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள். இரவு எட்டு மணிக்குப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு ஊர்த் தீயணைப்புப் படையினர் எக்காளம் ஊதுவார்கள். 1928-இல் தொடங்கிய வழக்கம். டிக்கெட் கிடையாது, ஏழரைக்கே போய் இடம் பிடியுங்கள்.

அந்த வாயிலின் சுவரில் நம் கண் தானாகத் தேடுவது இந்தியப் பெயர்களை. இருக்கின்றன. எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவில். அடுத்த மாதமே இந்தியப் படை ஈப்பருக்கு வந்து சேர்ந்துவிட்டது. அக்டோபர் 31 அன்று ஹொல்லெபேக்கே கிராமத்தருகே குதாதாத் கான் என்ற சிப்பாய், கூட இருந்த அத்தனை பேரும் விழுந்த பிறகும் இயந்திரத் துப்பாக்கியை விடவில்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய் அவர்தான். அந்தக் கிராமத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. ஹில் 60-இலிருந்து வயல்வழியே நடந்தே போய்விடலாம்.

இப்போது சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டு ஒன்று சொல்கிறேன். வழியில் துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள். ஒவ்வோர் உழவிலும் குண்டுகள் மேலே வருகின்றன. சிலவற்றில் விஷ வாயு. இங்குள்ள விவசாயிகள் அவற்றைக் கான்கிரீட் மின்கம்பத்தின் பொந்துக்குள் வைத்துவிடுவார்கள். ராணுவ வண்டி வந்து எடுத்துப்போகும். பால்காரருக்குப் பாத்திரம் வைப்பதுபோல! ஆனால் 2014 மார்ச்சில் ஈப்பரில் கட்டட வேலை நடந்த இடத்தில் இப்படியொரு பழைய குண்டு வெடித்து இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். எனவே ஞாபகார்த்தமாக எடுத்துவரும் ஆசை வேண்டாம். ஞாபகத்துக்குச் சாக்லேட் வாங்குங்கள், பெல்ஜியத்தில்தானே இருக்கிறீர்கள்.

எப்போது போவது? மே, ஜூன். வரப்போரம் சிவப்பு பாப்பி பூத்திருக்கும். நவம்பரில் கூட்டமும் சேறும். பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் ஈப்பர். கிராமங்களுக்குப் பஸ் குறைவு. திரும்பும் நேரத்தைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

மறுபடியும் அந்தப் பசுவிடம் வருகிறேன். ஆங்கிலேயர்கள் தோண்டிவைத்த சுரங்கங்கள் இருபதுக்கும் மேல். வெடித்தவை பத்தொன்பது. ஒன்றை மின்னல் தீர்த்துவைத்தது. மீதி? இன்னும் கீழேதான். அவற்றில் ஒன்று மெசின் அருகே ஒரு பண்ணைக்கு அடியில், இருபது டன்னுக்கும் அதிகமான மருந்தோடு. விஷயம் தெரிந்தேதான் அங்கே குடியிருக்கிறார்கள்.

பாதையோரம் நின்று பார்த்தேன். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கன்றுக்குட்டி ஒன்று வேலிக்கு வந்து என் சட்டைப்பையை மோந்து பார்த்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வர, நான் உள்ளங்கையில் அடுத்த எண்ணைப் பார்த்துவிட்டு நடையை எட்டிப் போட்டேன்.

அந்தப் பண்ணையைப் பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்குவீர்களா? கமெண்டில் எழுதுங்கள். என் மனைவி வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.