பாலக்காட்டு நம்பரை அட்டப்பாடிக்கு எழுதலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி கொழிஞ்சாம்பாறையில இருந்து ஒரு தம்பி அனுப்பியிருக்கார். வாசிக்கிறேன். "லோக்கல் செய்தி பண்றேன். அட்டப்பாடி குழந்தைகளோட ஊட்டச்சத்துக் குறைவு பத்தி எழுதணும். ஆராய்ச்சிக் கட்டுரை எல்லாம் இங்கிலீஷ்ல இருபது பக்கம் ஓடுது. எதைப் படிக்கறது, எதை நம்பறது? தேசிய குடும்பநல ஆய்வுல பாலக்காடு மாவட்ட நம்பர் இருக்கே, அதைப் போட்டா போதாதா?"

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். போதாதுங்க. அட்டப்பாடி பாலக்காடு மாவட்டத்துக்குள்ளயே இருக்கற பழங்குடி மலைப்பகுதி, மாவட்ட நம்பர்ல அது தனியாத் தெரியாது. ஏன்னு ஒரு சின்னக் கணக்குப் போட்டா தெரிஞ்சுடும். 2019-21ல நடந்த அஞ்சாவது சுற்றுல நாடு முழுக்க 707 மாவட்டம், 6,36,699 வீடு. வகுத்துப் பாருங்க, மாவட்டத்துக்கு சராசரியா 900 வீடு. 2011 சென்சஸ்படி பாலக்காடு மாவட்டத்துல 28 லட்சம் ஜனம். அகளி, புதூர், ஷோளயூர்னு மூணு பஞ்சாயத்தும் சேர்த்து அட்டப்பாடியில 64 ஆயிரம் சொச்சம். அந்த விகிதத்துல 900 வீட்டுல அட்டப்பாடி பங்கு இருபது வீடு. அதுலயும் அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருக்கற வீடு எத்தனை இருந்துடப் போகுது? இன்னொண்ணு, ஆய்வுக்காரங்க அந்த இருபது வீட்டைத் தேடித் தேடிப் போறதில்ல. முதல்ல ஊரைக் குலுக்கி எடுப்பாங்க, எடுத்த ஊர்ல 22 வீட்டுக்குப் போவாங்க. அட்டப்பாடியில ஒரு ஊர் விழுந்திருக்கலாம், ஒண்ணுகூட விழாமலும் போயிருக்கலாம். மாவட்டத்துக்கு அது நல்ல நம்பர்தான். அட்டப்பாடியைப் பத்திப் பேச அதுக்கு வாய் கிடையாது.

அந்த ஆய்வுல மாவட்டத்துக்குன்னு வெளியிடற நம்பர் தாளையே கிட்டக்க வச்சுப் பாருங்க. சில நம்பர் அடைப்புக்குறிக்குள்ள இருக்கும், சில இடத்துல நம்பரே இல்லாம வெறும் நட்சத்திரக்குறி இருக்கும். அடைப்புக்குறின்னா 25ல இருந்து 49 பேர் வரைக்கும்தான் கணக்குல இருந்தாங்கன்னு அர்த்தம். நட்சத்திரம்னா 25 பேர்கூட இல்ல, அதனால நம்பரையே போடல. வயித்துப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தாங்களாங்கற வரியில இது அடிக்கடி வரும், ஏன்னா அதுக்கு முந்தின ரெண்டு வாரத்துல வயித்துப்போக்கு வந்த குழந்தைகளை மட்டும்தான் அங்க எண்ணுவாங்க. செய்தியில நடக்கற கூத்து என்னன்னா, டைப் பண்ணும்போது அடைப்புக்குறியைத் தட்டிவிட்டுட்டு நம்பரை மட்டும் எடுத்துப் போட்டுடறாங்க.

எல்லைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னொரு வம்பு, கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிடற ஆசை. வயசுக்கேத்த உயரம் இல்லாத குழந்தைங்க கேரளத்துல 2015-16ல 19.7 சதவீதம், அடுத்த சுற்றுல 23.4. தமிழ்நாட்டுல 27.1ல இருந்து 25.0. உடனே "கேரளத்தில் 3.7 சதவீதம் உயர்வு"ன்னு தலைப்பு வந்துடும். தப்பு. அது 3.7 சதவீதப் புள்ளி. சதவீதமா சொல்லணும்னா 19.7 மேல 3.7, அதாவது கிட்டத்தட்ட 19 சதவீத உயர்வு. இதைவிட சிம்பிளா, "நூறு குழந்தைக்கு இருபது பேர் இருந்தாங்க, 2019ல இருபத்திமூணு"ன்னு எழுதிடுங்க, யாருக்கும் குழப்பம் வராது. தேதியையும் பாருங்க. கேரளத்துல அளந்தது 2019ல, கொரோனாவுக்கு முன்னாடி. தமிழ்நாட்டுல 2020 தொடக்கத்துல ஆரம்பிச்சு, ஊரடங்குல நின்னு, 2021ல முடிஞ்சது. அதனால கேரளத்து உயர்வுக்குக் கொரோனாதான் காரணம்னு யாராவது பேட்டி கொடுத்தா அப்படியே போட்டுடாதீங்க.

சரி, ஆராய்ச்சிக் கட்டுரைக்கு வருவோம். இருபது பக்கத்தையும் படிக்க வேண்டாம். ஆனா சுருக்கத்தை மட்டும் படிச்சுட்டு எழுதறது அதைவிட மோசம். நான் சொல்ற வரிசை இதுதான். முதல்ல ஒண்ணாம் அட்டவணை. யாரை எண்ணினாங்க, எத்தனை பேர், எந்த வயசு, எந்த வருஷம், எல்லாம் அங்க இருக்கும். அட்டப்பாடின்னா இருளர், முடுகர், குறும்பர் மூணு பேரையும் தனித்தனியா எடுத்தாங்களா, "பழங்குடி"ன்னு ஒரே மூட்டையா கட்டினாங்களான்னு பாருங்க. பேப்பர் 2022ல வந்திருக்கும், அளந்தது 2014ஆ இருக்கும். உங்க செய்தியில வர வேண்டியது அளந்த வருஷம். அப்புறம் கட்டுரையோட கடைசிப் பக்கங்கள். எங்களால எதைச் சொல்ல முடியலன்னு ஆய்வாளரே ஒரு பத்தி எழுதியிருப்பார். பணம் யார் கொடுத்தாங்கங்கறதும் அங்கதான் இருக்கும். சுருக்கத்தைக் கடைசியா படிங்க, அப்பதான் அது எங்க கொஞ்சம் கூட்டிச் சொல்லுதுன்னு பிடிபடும்.

ஒரே சமயத்துல ஒரு தடவை மட்டும் அளந்த ஆய்வுன்னா "தொடர்பு இருக்கு"ன்னுதான் எழுதலாம், "இதனால இது"ன்னு எழுதக்கூடாது. ரேஷன் அரிசி அதிகம் சாப்பிடற வீட்டுல ரத்தசோகை அதிகம்னு ஒரு பேப்பர் சொல்லுதுன்னு வச்சுக்கோங்க. அரிசியால ரத்தசோகையா, ஏழ்மையால ரெண்டுமேயா? அந்த ஒரு அட்டவணையை வச்சு முடிவு சொல்ல முடியாது.

சிசு மரணம் எழுதறப்ப ரொம்ப ஜாக்கிரதை. ஒரு பகுதியில வருஷத்துக்கு 500 பிரசவம்னு வைங்க. அஞ்சு குழந்தை இறந்தா ஆயிரத்துக்கு 10. அடுத்த வருஷம் பத்துன்னா ஆயிரத்துக்கு 20. "இரு மடங்கு"ன்னு தலைப்புப் போடலாம், ஆனா சின்ன ஊர்ல நம்பர் இப்படித்தான் ஏறி இறங்கும். விகிதத்தோட எண்ணிக்கையையும் போடுங்க, அஞ்சு வருஷத்தைச் சேர்த்துக் காட்டுங்க. ஒவ்வொரு சாவும் செய்திதான், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. விகிதத்தை வச்சு அரசைப் பாராட்டறதும் திட்டறதும்தான் அவசரம்.

பேப்பர் காசு கேட்டா கட்டாதீங்க. கூகுள் ஸ்காலர்ல தலைப்பைப் போட்டு, கீழ "எல்லாப் பதிப்பும்"னு இருக்கறதைத் தட்டினா பல சமயம் இலவசப் பிரதி கிடைக்கும். பிஎச்.டி. ஆய்வேடுன்னா ஷோத்கங்கா தளத்துல பலது சும்மாவே இருக்கு. எதுவும் இல்லன்னா ஆசிரியருக்கு மெயில் போடுங்க, பெரும்பாலும் அனுப்பிடுவாங்க. அதே மெயில்ல நீங்க எழுதப் போற ஒரு வரியை மட்டும் வச்சு, "இப்படி எழுதினா தப்பாகுமா?"ன்னு கேளுங்க. முழுச் செய்தியையும் அனுப்பினா தலைப்புல இருந்து திருத்த ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம், அந்தப் பேப்பர்ல பேர் இல்லாத இன்னொரு ஆய்வாளர்கிட்டயும் பேசுங்க. ஆளு எங்கன்னு தேட வேண்டாம், கட்டுரைக் கடைசியில இருக்கற மேற்கோள் பட்டியல்லயே நாலு பேர் கிடைப்பாங்க.

இதெல்லாம் முடிச்சுட்டு அட்டப்பாடிக்குன்னு தனி நம்பர் சிக்கலைன்னா, "பாலக்காடு மாவட்டத்துக்கு இவ்வளவு, அட்டப்பாடிக்குத் தனியாக இந்த ஆய்வில் கணக்கு இல்லை"ன்னு ரெண்டு வரி எழுதுங்க. எடிட்டர் ரெண்டாவது வரியை வெட்டப் பார்ப்பார், விடாதீங்க. ஏன் இல்லங்கறதே அடுத்த வாரத்துக்கு ஒரு செய்தி.

அடுத்த கேள்வி குமுளியில இருந்து.