இருபது ரூபாய் எங்கே போயிற்று?

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மும்பையில் டோம்பிவிலியிலிருந்து சயானுக்கு லோக்கல் ரயிலில் வந்துபோகும் நேயர்களுக்கு இது நினைவிருக்கும். 2014 வாக்கில், ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் வழியில் ஓரிடத்தில் விளக்குகள் அணையும். மின்விசிறிகள் வேகம் குறைந்து ஓயப் பார்க்கும். சில நொடிகளில் எல்லாம் திரும்பி வந்துவிடும். கைப்பிடியைப் பற்றி நின்றுகொண்டிருப்பவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அந்தச் சில நொடிகளில் வண்டி ஒரு வகை மின்சாரத்தை விட்டுவிட்டு இன்னொரு வகை மின்சாரத்தைப் பற்றிக்கொண்டிருந்தது.

1925 பிப்ரவரி 3 அன்று வி.டி. என்ற விக்டோரியா டெர்மினஸ் நிலையத்திலிருந்து குர்லாவுக்குத் துறைமுகப் பாதையில் இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடியது. கம்பியில் இருந்தது 1500 வோல்ட் நேர் மின்னோட்டம். பின்னாளில் நாட்டின் மற்றப் பகுதிகளெல்லாம் 25,000 வோல்ட் மாறு மின்னோட்டத்துக்குப் போய்விட்டன. மும்பையும் மாற வேண்டியிருந்தது. ஆனால் தினமும் பல லட்சம் பேர் ஏறி இறங்கும் பாதையை ஒரே இரவில் மாற்றிவிட முடியாது. அதனால் இரண்டு மின்சாரத்திலும் ஓடக்கூடிய வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். பகுதி பகுதியாகக் கம்பிகளை மாற்றினார்கள். மேற்கு ரயில்வேயில் 2012-இல் வேலை முடிந்தது. கடைசியாக 2016 ஏப்ரலில் துறைமுகப் பாதை மாறியது. பழைய மின்சாரம் முதலில் வந்த பாதையே அதைக் கடைசியாக வழியனுப்பியது.

நான் மென்பொருள் எழுதுகிறவள். ரயிலைப் பற்றிப் பேச என்னை இங்கே அழைக்கவில்லை. ஆனால் எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு பெரிய கவலையைச் சொல்ல அந்த இரட்டை மின்சார வண்டியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கணினிக்கு நாம் கட்டளை எழுதும் மொழிகளும் மாறுகின்றன. புதிய பதிப்புகள் வருகின்றன. பழைய பதிப்பில் எழுதிய நிரல் புதிய பதிப்பில் ஓடுமா, ஓடினாலும் அதே விடையைத் தருமா என்பதுதான் அந்தக் கவலை.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், தோல் பட்டறைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய சேமிப்புச் சங்கம் ஒன்று இருக்கிறது. உறுப்பினர்கள் பெரும்பாலும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். 2009-இல் அவர்களுக்காக ஒரு கணக்கு நிரலை எழுதிக் கொடுத்தேன். பைத்தான் என்ற மொழியில், அன்று எல்லோரும் பயன்படுத்திய இரண்டாம் பதிப்பில் எழுதினேன். பத்து ஆண்டுகள் அது ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 2019-இல் பழைய கணினி படுத்துவிட்டது. புதுக் கணினியில் பைத்தான் மூன்றாம் பதிப்பைப் போட்டு, நிரலை அதற்கேற்ப மாற்றிக் கொடுத்தேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. எல்லாம் சரி என்றே நம்பினேன்.

மாதக் கடைசியில் சங்கத்தின் கணக்கைப் பார்க்கும் அண்ணாச்சி தொலைபேசியில் அழைத்தார். "ஏம்மா, இருபது ரூபாய் எங்கே போயிற்று?" என்றார்.

அந்த மாதம் பங்கிட வேண்டிய தொகை 7,500 ரூபாய். உறுப்பினர்கள் 40 பேர். வகுத்தால் தலைக்கு 187 ரூபாய் 50 காசு. பைத்தான் இரண்டாம் பதிப்பில் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் விடையாக வரும். பின்னம் உதிர்ந்துவிடும். ஆகவே பழைய நிரல் தலைக்கு 187 ரூபாய் கொடுத்து, மிஞ்சிய 20 ரூபாயை நிதியிலேயே வைத்துக்கொண்டது. மூன்றாம் பதிப்பில் அதே கட்டளைக்கு விடை 187.5. நிதியிலிருந்து 7,500 ரூபாய் முழுவதும் கழிந்துவிட்டது. ஆனால் பாஸ் புத்தகத்தில் அச்சிடும் இடத்தில் முழு எண்ணாக எழுதும்படி நான் முன்பே சொல்லி வைத்திருந்ததால், அங்கே 187 என்றே விழுந்தது. நாற்பது புத்தகங்களையும் கூட்டினால் 7,480. நிதியில் மிச்சம் பூஜ்யம். இருபது ரூபாய் காற்றில் கரைந்துவிட்டது.

அண்ணாச்சி எல்லாவற்றையும் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தில் பேனாவாலும் எழுதி வருகிறவர். அந்த நோட்டு இல்லாவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது. மாதா மாதம் கரைந்துகொண்டே போயிருக்கும். பத்து மாதம் கழித்து யாராவது கண்டுபிடித்தால் அவர்மேல்தான் சந்தேகம் வந்திருக்கும். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

அந்த மாற்றத்தைச் செய்தவர்களைக் குறை சொல்லவே முடியாது. ஏழை இரண்டால் வகுத்தால் மூன்றரை என்பதுதான் பள்ளிக்கூடக் கணக்கு. மூன்று என்று வந்தால் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவார்கள். பின்னத்தை விட்டுவிட்டு வகுக்க விரும்புகிறவர்களுக்காக, வகுத்தல் குறியான சாய்கோட்டை இரண்டு முறை போடும் தனி அடையாளத்தை 2001-லேயே இரண்டாம் பதிப்பின் காலத்தில் கொண்டுவந்துவிட்டார்கள். நான் 2009-இல் அந்த இரட்டைக் கோட்டைப் போட்டிருந்தால் இரண்டு பதிப்புகளிலும் ஒரே விடை வந்திருக்கும். ஒற்றைக் கோடே போதும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொரு பக்கம், மூன்றாம் பதிப்பு நம் மொழிக்குச் செய்த நன்மையையும் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலி என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நம் கணக்கில் ஆறு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் தி என்பது த ஒன்று, இகரக் குறி ஒன்று என்று பிரிவதால் 12 குறியீடுகள். பைட் என்பது கணினி நினைவின் சிறு அலகு. சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வீதம் 36 பைட். பழைய பைத்தானில் சாதாரணமாக எழுதிய சொல்லின் நீளத்தைக் கேட்டால் 36 என்று சொல்லும். ஊர்ப் பெயருக்கு இருபது இடம் என்று நான் வரம்பு வைத்திருந்தேன். அது இருபதாவது பைட்டில் வெட்டியது. பாஸ் புத்தகங்களில் "திருநெ" என்று வந்து, அடுத்த எழுத்து பாதியில் அறுபட்டு, ஒரு கட்டம் போட்ட கேள்விக்குறி நிற்கும். பத்து ஆண்டுகள் அந்த மனிதர்கள் சொந்த ஊரின் பெயரை அப்படி வெட்டுப்பட்டேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய பதிப்பு அதைக் குறியீடுகளாக எண்ணுவதால் முழுப் பெயரும் வந்தது. முதல் பாஸ் புத்தகம் அச்சாகி வந்ததும் ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கி, ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிக் காட்டினார். ஆகவே மாறவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாற வேண்டும். அந்த மாற்றத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் என் கேள்வி.

பைத்தான் மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வந்தது. இரண்டாம் பதிப்புக்கு 2015-உடன் ஆதரவு நின்றுவிடும் என்று முதலில் சொன்னார்கள். உலகம் நகரவில்லை. 2014-இல் அந்தக் கெடுவை 2020 வரை நீட்டினார்கள். ஏன் நகரவில்லை என்று கேட்டால், சோம்பேறித்தனம் என்று சொல்லும் பழக்கம் எங்கள் தொழிலில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ஒரு நிரல் தனியாக நிற்பதில்லை. அது பத்து நூலகங்களைச் சார்ந்திருக்கும். நூலகம் என்றால் மற்றவர்கள் எழுதி வைத்த நிரல் தொகுப்பு. அந்தப் பத்தில் ஒன்று மாறாவிட்டாலும் நானும் மாற முடியாது. நூலகம் எழுதுகிறவருக்கோ, பழைய பதிப்பில் இருப்பவர்களைக் கைவிட மனம் வராது. ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்கையில் ஆண்டுகள் போய்விட்டன.

அந்தக் கட்டை அவிழ்த்தது இரட்டை மின்சார வண்டிதான். ஒரே நிரலை இரண்டு பதிப்பிலும் ஓடும்படி எழுதும் வழியைக் கண்டார்கள். அதற்காகவே சிக்ஸ் என்று ஒரு சிறு நூலகம் வந்தது. இரண்டையும் மூன்றையும் பெருக்கினால் ஆறு, அதுதான் பெயர்க் காரணம். மொழியை உருவாக்கியவர்களும் இறங்கி வந்தார்கள். பழைய பதிப்பில் யூனிகோடு சொற்களுக்கு முன்னால் யு என்ற எழுத்தைப் போடுவது வழக்கம். மூன்றாம் பதிப்பில் எல்லாச் சொற்களும் யூனிகோடுதான், யு தேவையில்லை என்று அதை நீக்கியிருந்தார்கள். அதனால் இரண்டுக்கும் பொதுவான நிரல் எழுதுவது கடினமாயிற்று. 2012-இல் வந்த 3.3 பதிப்பில் அந்த யுவைத் திரும்பச் சேர்த்தார்கள். மொழிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மாறி வருகிறவர்களின் சுமை குறைய வேண்டும் என்பதற்காக மட்டுமே சேர்த்தார்கள். நீக்கியதைத் திரும்ப வைக்கப் பெரிய மனது வேண்டும். எங்கள் தொழிலின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் அதுவும் ஒன்று.

2018-ஆம் ஆண்டில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஏசிங்க் என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டு மொழிகள் அந்த ஆண்டில் தங்கள் சொந்தச் சொல்லாக ஆக்கிக்கொண்டன. மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டால் மற்றவர்கள் அதைத் தங்கள் நிரலில் பெயராக வைக்க முடியாது. பைத்தான் 3.7-இல் அது நடந்தது. முன்கூட்டியே அறிவித்திருந்தும், அந்தச் சொல்லைப் பெயராக வைத்திருந்த பல நூலகங்கள் புதிய பதிப்பில் ஓட மறுத்தன. ரஸ்ட் என்ற மொழி வேறு வழி பிடித்தது. ஒவ்வொரு நிரல் தொகுப்பும் தான் எந்த ஆண்டின் இலக்கணத்தில் எழுதப்பட்டது என்பதைத் தன் குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம். 2015 என்று சொல்லும் தொகுப்பில் ஏசிங்க் சாதாரணப் பெயர். 2018 என்று சொல்லும் தொகுப்பில் அது மொழியின் சொல். இரண்டு தொகுப்புகளும் ஒரே நிரலுக்குள் சேர்ந்து இயங்கலாம். ஒரே பந்தியில் அவரவர் பத்தியச் சாப்பாட்டைப் பரிமாறுவது போல. இரண்டாவது வழியில் மொழியை உருவாக்குகிறவர்களுக்கு வேலை அதிகம், பயன்படுத்துகிறவர்களுக்குக் குறைவு. அந்தப் பங்கீடே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

இணையப் பக்கங்களில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களைப் பிரித்து ஒன்றாக்கும் வசதிக்கு ஃபிளாட்டன் என்று பெயர் வைக்க நினைத்தார்கள். மூடூல்ஸ் என்ற பழைய நூலகம் அதே பெயரை முன்பே எடுத்து வைத்திருந்ததால், அதை நம்பிய பழைய இணையப் பக்கங்கள் உடையும் என்று தெரியவந்தது. பெயரை ஃபிளாட் என்று சுருக்கினார்கள். என்றோ யாரோ எழுதிவிட்டு மறந்துபோன பக்கங்களுக்காக ஒரு மொழி தன் சொல்லை விட்டுக்கொடுத்தது.

பழையதைத் தாங்கிக்கொண்டே இருப்பது எளிதன்று என்பதையும் நான் அறிவேன். நூலகம் எழுதுகிறவர்களில் பலர் ஊதியம் இல்லாமல், வேலை முடிந்து வந்து இரவில் எழுதுகிறவர்கள். ஐந்து பதிப்புகளில் ஓட வேண்டுமென்றால் ஒவ்வொரு மாற்றத்தையும் ஐந்து முறை சோதிக்க வேண்டும். பழைய பதிப்பில் பாதுகாப்பு ஓட்டை கண்டால் அடைக்க ஆள் இருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு கெடு வேண்டும். இப்போது பைத்தானில் ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது, ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு ஆதரவு உண்டு. நீக்கப்போகும் வசதிக்குக் குறைந்தது இரண்டு பதிப்புகளுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்க வேண்டும் என்பதும் விதி. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு மனக்குறை. அந்த எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை நாமாகக் கேட்டால் ஒழியத் திரையில் வராது. பயன்படுத்துகிறவர்களை மிரட்ட வேண்டாம் என்ற நல்லெண்ணத்தில் மறைத்து வைத்திருக்கிறார்கள். நிரல் எழுதும் இளைஞர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அந்த எச்சரிக்கைகளை இன்றே திறந்து வைத்துப் பாருங்கள்.

சங்கத்தின் கதைக்கு வருகிறேன். பழைய கணினியைப் பழுது பார்த்துக் கொடுக்கச் சொன்னேன். மூன்று மாதம் பழைய கணினி ஒரு மேசையிலும் புதுக் கணினி பக்கத்து மேசையிலுமாக இரண்டிலும் ஒரே கணக்கைப் போட்டோம். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போவேன். கீழே தோல் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அண்ணாச்சி தன் நோட்டை நடுவில் விரித்துவைத்து, இடது பக்கத் தாளில் ஒரு விரலும் வலது பக்கத் தாளில் ஒரு விரலுமாக வரி வரியாக இறங்குவார். ஒத்துப்போகும் ஒவ்வொரு வரிக்கும் ஒரு டிக். மூன்றாவது மாதம் எல்லா வரிகளுக்கும் டிக் விழுந்தது. பழைய கணினியை அன்றுதான் அணைத்தோம்.

அந்த நிரலுடன் இப்போது ஒரு சோதனைக் கோப்பும் இருக்கிறது. பைத்தானின் புதிய பதிப்பு எப்போது வந்தாலும் அந்தச் சோதனைகளை ஓட்டிப் பார்த்த பிறகே சங்கத்தின் கணினியைத் தொடுவேன். அண்ணாச்சியின் நோட்டிலிருந்து எடுத்து எழுதிய முதல் வரி இது: தொகை 7,500, உறுப்பினர் 40, தலைக்கு 187, நிதியில் மிச்சம் 20.

வணக்கம்.