மீதிப் பேரெல்லாம் அந்தப் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளி நாள் விளையாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்திலிருந்து அழைத்தபோது, "நான் விளையாட்டு வீரன் இல்லையே, ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டீர்களோ?" என்று கேட்டேன். "13 வயதில் பள்ளியிலேயே வேகமாக ஓடிய பையன் நீங்கள்தானாமே" என்றார்கள். நான்தான். ஆனால் 13 வயதில் மட்டும். அதற்குப் பிறகு ஓட்டத்துக்கும் எனக்கும் உள்ள உறவு பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பதோடு சரி.

அந்த ஒரு வருஷத்துக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

13 வயதில் எனக்குக் குரல் உடைந்துவிட்டது. மேலுதட்டில் கரிக்கோடு போட்டதுபோல லேசாக ஒரு நிழல். வகுப்பில் மற்றவர்களைவிட அரைத் தலை உயரம். 100 மீட்டர் கோட்டில் நாங்கள் எட்டுப் பேர் நின்றால், ஏழு பையன்களும் அவர்களை அழைத்து வந்த அண்ணன் ஒருவனும் நிற்பதுபோல இருக்கும். விசில் ஊதும். 60 மீட்டர் வரும்போது பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். "ஓடும்போது திரும்பிப் பார்க்காதே" என்று பி.டி. வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். நான் திரும்பிப் பார்ப்பேன். பின்னால் ஏழு பேர் மூச்சிரைக்க வருவதைப் பார்ப்பதில் இருந்த சுகம், கோப்பை வாங்குவதில்கூட இல்லை.

விளையாட்டு விழாவுக்கு மறுநாள் உலகமே கொஞ்சம் இடம் மாறி உட்கார்ந்திருந்தது. மேல் வகுப்பு அண்ணன்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என் பையை வேறொருவன் தூக்கி வந்தான், நான் கேட்காமலே. கடைசி பெஞ்சில் ஜன்னலோரம் எனக்கென்று ஒரு இடம் ஒதுங்கியது. நான் சொன்ன பழைய ஜோக்குக்கெல்லாம் வகுப்பே சிரித்தது. கணக்கில் கோட்டை விட்டபோதுகூட "ஓடுற பையன், போகட்டும்" என்றார் ஆசிரியர். ஓட்டத்துக்கும் பின்னக் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று நான் கேட்கவில்லை. லாபத்தில் இருப்பவன் கணக்குக் கேட்க மாட்டான்.

இது என் பள்ளியில் மட்டும் நடந்த அதிசயமில்லை. ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியல் அறிஞர் 1957-58 கல்வியாண்டில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் பத்துப் பள்ளிகளை எடுத்துக்கொண்டு மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "பள்ளியை விட்டுப் போன பிறகு உன்னை எப்படி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்? நன்றாகப் படித்தவன் என்றா, விளையாட்டு வீரன் என்றா, எல்லோருக்கும் தெரிந்தவன் என்றா?" பையன்களில் படிப்பைச் சொன்னவர்களைவிட விளையாட்டைச் சொன்னவர்களே அதிகம். பள்ளிக்கூடம் எதற்காக நடக்கிறது என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்களோ, அதற்காக நடக்கவில்லை என்று பிள்ளைகளே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இந்தப் 'பிரபலம்' என்ற சொல்லிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிள்ளைகளிடம் "உனக்கு யாரைப் பிடிக்கும்?" என்று கேட்டால் ஒரு பட்டியல் வரும். "வகுப்பில் யார் பிரபலம்?" என்று கேட்டால் இன்னொரு பட்டியல் வரும். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஜெனிஃபர் பார்க்ஹர்ஸ்ட், ஆண்ட்ரியா ஹாப்மையர் என்ற இருவர் 1998இல் வெளியிட்ட ஆய்வில் இந்த இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிரபலம் என்று பெயர் வாங்கியவர்களில் பெரும்பாலோரை மற்றவர்களுக்கு அப்படியொன்றும் பிடித்திருக்கவில்லை. மற்றவர்களை ஆட்டிவைப்பவர்கள், தலைக்கனம் பிடித்தவர்கள் என்றுதான் சொன்னார்கள்.

ஆய்வு எதற்கு, நம் பையன்களைக் கேட்டாலே போதும். 'கெத்தான ஆள்' வேறு, 'நல்ல பையன்' வேறு என்று அவர்கள் எப்போதோ பிரித்துவிட்டார்கள். 'நல்ல பையன்' என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் இரக்கம்கூட இருக்கும்.

நான் கெத்தான ஆள். அந்த 'யாரைப் பிடிக்கும்' பட்டியலில் என் பெயர் இருந்திருக்குமா என்று யோசித்துப் பார்க்கக்கூட அன்று தோன்றவில்லை.

அணி பிரிக்கும் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பி.டி. பீரியட். இரண்டு கேப்டன்கள். நான் ஒருவன், இன்னொருவன் எதிரே. மற்றவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒருவனாக மாற்றி மாற்றிக் கூப்பிட வேண்டும். முதல் நான்கைந்து பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம், சத்தமாக. அவர்கள் ஓடி வந்து தோளில் கை போட்டுக்கொள்வார்கள். அடுத்த நான்கைந்து பேருக்குப் பட்டப்பெயர். அதற்கடுத்து விரல் மட்டும். "நீ. அப்புறம் நீ." கடைசியில் நான்கு பேர் மிஞ்சுவார்கள். அதற்குள் எங்களுக்குப் பொறுமை போயிருக்கும், பந்து காலடியில் உருண்டுகொண்டிருக்கும். "மீதிப் பேரெல்லாம் அந்தப் பக்கம் போங்கடா" என்று கையை வீசுவேன்.

அந்த நான்கு பேரும் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் தெரியுமா? குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருப்பார்கள். அவிழாத லேஸை அவிழ்த்து மறுபடி கட்டுவார்கள். கூப்பிடுவதற்காகக் காத்து நிற்பதாகத் தெரியக்கூடாது, வேறு வேலையாக இருப்பதாகத் தெரிய வேண்டும். அதை நான் ஒவ்வொரு முறையும் பார்த்தேன். பார்த்தும், இவனுங்களுக்கு மட்டும் ஏன் எப்போதும் லேஸ் அவிழ்கிறது என்றுதான் நினைத்தேன்.

இந்த வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பிரித்தால் பத்து விநாடியில் முடிகிற வேலை. ஆனால் கேப்டன்களிடம் விட்டால் வாத்தியாருக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு. அந்த ஐந்து நிமிஷத்தைத் தவிர இதற்கு வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

சரி, என் வேகத்துக்கு வருகிறேன். அது எங்கிருந்து வந்தது?

1985இல் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளைப் பார்த்தார்கள். வருஷத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்து கிடந்தார்கள், கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தார்கள். காரணம் சப்பென்று இருந்தது. சிறுவர் அணிகளில் வயதுப் பிரிவு ஜனவரி 1ஐ வைத்துப் பிரிக்கப்பட்டது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது பத்து வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது பெரிய வித்தியாசம். பெரியவன் நன்றாக ஆடுவான், அவனைத் தேர்ந்தெடுப்பார்கள், நல்ல பயிற்சியாளர் கிடைப்பார், அதிக ஆட்டம் கிடைக்கும், அதனாலேயே அவன் உண்மையிலும் சிறந்தவனாகிவிடுவான். ஆஸ்திரேலியாவின் இளையோர் கால்பந்தில் இந்தக் கெடு தேதியை ஜனவரியிலிருந்து ஆகஸ்டுக்கு மாற்றியபோது, சில வருஷங்களில் குவியலும் ஆகஸ்டை ஒட்டி நகர்ந்துவிட்டது. பதிவேட்டில் தேதி நகர்ந்தது, திறமையும் கூடவே நகர்ந்தது.

இதோடு உடம்பின் கடிகாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பையன்கள் கிடுகிடுவென வளரும் காலம் சராசரியாக 14 வயதையொட்டி வருகிறது. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இரண்டு வருஷம் முன்னதாகவே. அந்த உச்ச வருஷத்தில் ஒரு பையன் 9, 10 சென்டிமீட்டர்கூட வளர்வான். ஆனால் சராசரி என்பது சராசரிதான். ஒருவனுக்கு 12இல் வரும், பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு 16இல் வரும். ஒரே வகுப்பு, ஒரே வயது, உடம்பளவில் மூன்று நான்கு வருஷ இடைவெளி.

என் பிறந்தநாள் பள்ளிச் சேர்க்கைக் கெடு தேதிக்குப் பிறகு இரண்டாவது வாரத்தில் வருகிறது, அதனால் வகுப்பில் மூத்தவர்களில் நானும் ஒருவன். வளர்ச்சியும் எனக்கு முந்திக்கொண்டு வந்தது. நான் ஓடியது பொய்யில்லை, காலையில் எழுந்து பயிற்சி செய்ததும் பொய்யில்லை. ஆனால் அந்த ஏழு பேருக்கும் எனக்கும் நடுவில் இருந்த தூரத்தில் என் உழைப்பு எத்தனை அடி, காலண்டர் எத்தனை அடி என்று பிரித்தால் எனக்குச் சொச்சம்தான் மிஞ்சும்.

15 வயதில் அந்த ஏழு பேரும் வளர்ந்துவிட்டார்கள். 60 மீட்டரில் தோளோரம் மூச்சுச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கத் தேவையே இல்லாமல் போனது, அவர்கள் முன்னால் இருந்தார்கள். தனி ஓட்டத்திலிருந்து கழற்றி, 4x100 தொடர் ஓட்டத்தில் போட்டார்கள். அதிலும் முன்பு கடைசி ஆளாக ஓடிக்கொண்டிருந்த என்னை மூன்றாவது ஆளாக இறக்கினார்கள்.

பேட்டன் என்பது 28லிருந்து 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு குழாய். உள்ளே ஒன்றுமில்லை. மூன்றாவது ஆளின் கைக்கு வரும்போது அது இரண்டு பேரின் உள்ளங்கைச் சூட்டோடும் வியர்வையோடும் வரும். இப்போது அதைக் கைமாற்ற 30 மீட்டர் கொடுக்கிறார்கள். அன்று 20 மீட்டர்தான். வாங்குகிறவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி ஓடிக்கொண்டே இருப்பான். கொடுக்கிறவன் குரல் கொடுத்து, அந்த விரல்களுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் அழுத்தி வைக்க வேண்டும். நான் அழுத்தினேன். அவன் கை மூடுவதற்கு முன் விட்டுவிட்டேன். தரையில் விழுந்து இரண்டு முறை துள்ளியது. அந்தச் சத்தம் அவ்வளவு மெல்லியது, மைதானத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. விழவிட்டவன்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. நான் குனிந்து எடுப்பதற்குள் மற்ற அணிகள் போய்விட்டன.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக, இதே தவறைச் செய்தன. டிவியில் அதைப் பார்த்தபோது எனக்குக் கிடைத்த ஆறுதல் நாகரிகமானது என்று சொல்ல மாட்டேன்.

பிரபலம் வருவதற்கு ஒரு நாள் உண்டு, விழா நாள். போவதற்கு அப்படி ஒரு நாள் கிடையாது. என் ஜோக்குக்குச் சிரிப்பு வர ஒரு விநாடி தாமதமானது. பிறகு வரவில்லை. என் பையை நானே தூக்கினேன்.

இந்த இடத்தில் யாராவது அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கதையைச் சொல்வார்கள். பள்ளி அணியில் அவரைச் சேர்க்கவில்லையாம், பிறகு என்ன ஆனார் பாருங்கள் என்று. உண்மையில் அவரைத் துரத்திவிடவில்லை. அந்த வருஷம் முதல் அணியில் எடுக்காமல் இளநிலை அணியில் ஆட வைத்தார்கள், அவ்வளவுதான். எனக்கு அந்தக் கதை அலுத்துவிட்டது. தோற்றவன் எல்லோரும் ஜோர்டன் ஆகிக் காட்டினால்தான் தோற்றதற்கு மதிப்பு என்பதுபோல இருக்கிறது. தோற்ற பெரும்பாலோர் வீட்டுக்குப் போய்ப் பாடம் எழுதினார்கள்.

என்னைப் போன்றவர்களுக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு கதை உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜோசப் ஆலன் குழுவினர் 184 பேரை 13 வயதிலிருந்து 23 வயது வரை பின்தொடர்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். 13 வயதிலேயே பெரியவர்கள்போல நடந்துகொண்டு கெத்துக் காட்டிய பிள்ளைகள், இருபதுகளில் உறவுகளைப் பேணுவதில் பின்தங்கியிருந்தார்கள். குடி, போதை, சட்டச் சிக்கல் எல்லாம் அவர்களுக்கு அதிகம். இதைப் படித்தபோது 'வேணும், எனக்கு நல்லா வேணும்' என்று தோன்றியது. லேஸ் கட்டிக்கொண்டிருந்தவர்களுக்குத் தித்திக்கும் செய்தி. ஆனால் தித்திப்பாக இருப்பதாலேயே நான் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறேன். சராசரிக் கணக்கு தனி மனிதன் மேல் தீர்ப்புச் சொல்லாது. நான் ஜெயிலுக்குப் போகவில்லை. யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் விரலைக் காட்டும் பழக்கம் மட்டும் வேலைக்குச் சேர்ந்த பிறகும் பல வருஷம் இருந்தது, அதுவும் கூட வேலை பார்த்த ஒரு பெண் நேரடியாகச் சொன்ன பிறகுதான் போயிற்று.

சில வருஷங்களுக்கு முன் பழைய மாணவர்கள் ஒன்றுகூடினோம். எனக்கு ஒரு வேலை பாக்கியிருந்தது. அந்தத் தொடர் ஓட்டத்தின் நான்காவது ஆளைத் தேடிப் பிடித்து, "அன்னிக்கு நான் சீக்கிரம் விட்டுட்டேன்டா" என்றேன். அவன் விழித்தான். "எந்த ஓட்டம்? நான் ரிலேல ஓடினேனா?" என்று கேட்டான். நான் இத்தனை காலம் தூக்கிச் சுமந்த பேட்டன் அவனிடம் இல்லவே இல்லை.

சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் பேச்சுக் கொடுத்தார். கூடப் படித்தவர்கள் எல்லோரும் நரைத்த தலையோடு 'டா' போட்டுக் கத்திக்கொண்டிருந்த இடத்தில், அவர் என்னை 'நீங்க' என்றார்.

"உங்களுக்கு என்னை ஞாபகம் இருக்காது. உங்க டீம்ல நிறைய நாள் ஆடியிருக்கேன்."

"அப்படியா? எந்த இடத்துல ஆடினீங்க?" எனக்கும் 'நீங்க' ஒட்டிக்கொண்டது.

"மீதியில" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கையை நான் அன்று வீசியதுபோலவே ஒருமுறை வீசிக் காட்டினார். அப்படியே இருந்தது. என் வலது கை அப்படி அசையும் என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தோம். "ஒண்ணு கேட்கலாமா?" என்றார். "அப்ப என் பேராவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?" என்று சொல்லி, பெயரையும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்துத்தான் சொன்னேன் என்று அவருக்குத் தெரிந்ததோ என்னவோ, குனிந்து ஷூ லேஸைச் சரிசெய்துகொண்டார்.

வணக்கம்.