‘நான் நரி’: காணாமல் போன வினைச்சொல்

அனைவருக்கும் வணக்கம். பின்னால் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காரலாம். முன்வரிசை எந்தக் கூட்டத்திலும் காலியாகத்தான் இருக்கும்.

தலைப்பைப் பார்த்துச் சிலர் சிரித்துக்கொண்டே வந்திருப்பீர்கள். தப்பில்லை. நானும் முதலில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பால் என்ன ஆயிற்று என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

என் மகளுக்கு அப்போது 11 வயது. ஒரு மாலை, நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “அப்பா, ஒன்று சொல்வேன், சிரிக்கக் கூடாது” என்றாள். சரி என்றேன். “நான் ஒரு நரி” என்றாள். சிரித்துவிட்டேன். அவள் முகம் மாறியதைப் பார்த்து, சமாளிப்பதற்காக அடுத்த தவறைச் செய்தேன். “நரிக்கு எத்தனை பல் என்று தெரியுமா உனக்கு?” என்று கேட்டேன். மடக்கிவிட்டதாக நினைப்பு. எனக்கே விடை தெரியாது என்பது வேறு விஷயம். அவள் யோசிக்கவே இல்லை. “42” என்றாள். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு மாதம் அந்தப் பேச்சே எழவில்லை. விஷயம் முடிந்தது என்று நானும் என் மனைவியும் நிம்மதியாக இருந்தோம். எங்கே முடிந்தது? என்னிடம் பேச வந்ததை அவள் முகம் தெரியாதவர்களிடம் பேசத் தொடங்கியிருந்தாள். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் சில பெயர்களைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். இப்படிச் சொல்லும் பிள்ளைகள் பலர் தங்களைத் ‘தீரியன்’ என்கிறார்கள். விலங்கைக் குறிக்கும் ‘தேரியோன்’ என்ற கிரேக்கச் சொல் அதன் வேர். 1990களின் தொடக்கத்தில், ஓநாய் மனிதக் கதைகளைப் பற்றிப் பேச இணையத்தில் கூடியவர்கள் நடுவே இந்தப் பேச்சு வளர்ந்தது. ஆக, இது நம் பிள்ளைகள் நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. ‘ஃபர்ரி’ என்பது வேறு. மனிதரைப் போல நடந்து பேசும் கற்பனை விலங்குப் பாத்திரங்களை ரசிக்கிறவர்கள் அவர்கள். ரசிகர் கூட்டம், அவ்வளவுதான். கையையும் காலையும் ஊன்றி ஓடுவதும் தாவுவதும் ‘குவாட்ரோபிக்ஸ்’. தன்னை விலங்கென்று எண்ணாத பிள்ளைகளும் அதைச் செய்கிறார்கள். இவற்றை எல்லாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், ‘இவருக்கு ஒன்றும் தெரியாது’ என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். நியாயமான முடிவுதான் அது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ‘நான் நரி.’ பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைத்துப் பாருங்கள். எழுவாய் இருக்கிறது. பயனிலையும் இருக்கிறது, ஆனால் அது பெயர்ப் பயனிலை. வினைச்சொல் கிடையாது. தமிழில் இது முழு வாக்கியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு தகப்பனுக்கு அதிலிருந்து எதுவுமே தெரிவதில்லை. நரியாக விளையாடுகிறாளா? நரியைப் போல உணர்கிறாளா? நரிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாளா? நரி, ஓநாய், பூனை என்று சொல்லிக்கொள்ளும் தோழிகளோடு சேர்ந்திருக்கிறாளா? உடம்பே நரியாகிவிட்டது என்று நம்புகிறாளா? ஒவ்வொன்றும் வேறு வேறு பிள்ளை. நாமோ அந்தப் பெயர்ச்சொல்லைப் பிடித்துக்கொண்டு, நரியா மனுஷியா என்று பட்டிமன்றம் நடத்துகிறோம். காணாமல் போன வினைச்சொல்லைத் தேடுவதுதான் நம் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லோருக்கும் பயம் கடைசி வினைச்சொல்லில்தான், அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தன் உடம்பு நிஜமாகவே விலங்காகிறது என்று நம்பும் மனநோய் ஒன்று உண்டு. மிக அரிது. மருத்துவ இதழ்களில் 1850 முதல் பதிவானவற்றை யான் டிர்க் ப்ளோம் என்ற மனநல மருத்துவர் தேடித் தொகுத்து 2014ல் வெளியிட்டார். எல்லா விலங்குகளும் சேர்த்து அவருக்குக் கிடைத்தவை 56 பேரைப் பற்றிய குறிப்புகள். அதில் ஓநாய் ஆனதாக நம்பியவர்கள் 13 பேர். ஒன்றரை நூற்றாண்டுக்கு இவ்வளவுதான். உங்கள் பிள்ளையிடம் அமைதியாகக் கேட்டுப் பாருங்கள். “உடம்பு மனுஷ உடம்புதான், அது எனக்குத் தெரியாதா?” என்று எரிச்சலோடு பதில் வரும். அந்த எரிச்சல் நல்லது. தீரியன்கள் பெரும்பாலும் சொல்வதும் அதுதான்: உடம்பு மனிதம், உள்ளே வேறு மாதிரி. சிலர் இல்லாத வால் அசைவது போலத் தோன்றுகிறது என்பார்கள். அதைக் கேட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டாம்.

ஓட வேண்டிய நேரமும் உண்டு. யாரோ காதுக்குள் கட்டளையிடுவதாகச் சொன்னால், தூக்கமும் சாப்பாடும் நாள்கணக்கில் கெட்டால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், சாக வேண்டும் என்று பேசினால், ‘நான் மனுஷிதான்’ என்ற பிடியே விட்டுப்போனது போல இருந்தால், தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். அப்போதும் கவனியுங்கள், மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி நரியைப் பற்றியது அல்ல. தூக்கம், சாப்பாடு, காயம்.

அடுத்து விளையாட்டு. “இவ்வளவு பெரிய பிள்ளைக்கு என்ன விளையாட்டு?” என்று கேட்பவர்கள் உண்டு. மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளரும் அவரோடு ஆய்வு செய்தவர்களும் 2004ல் வெளியிட்ட ஆய்வில், 7 வயதுக்குள் 65 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழர் இருந்திருக்கிறார். 2017ல் 180 சிறு பிள்ளைகளை வைத்து இன்னொரு சோதனை நடந்தது. சலிப்பூட்டும் ஒரு வேலையைக் கொடுத்து, அலுத்தால் பக்கத்தில் உள்ள கருவியில் விளையாடலாம் என்றார்கள். ‘நான் பேட்மேன்’ என்பது போல வேறு ஒருவராகத் தன்னைப் பாவித்துக்கொண்ட பிள்ளைகள்தான் அதிக நேரம் வேலையில் நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு 4 வயது, 6 வயது. 11 வயதுக்கு அப்படியே பொருத்திச் சொல்ல மாட்டேன். ஆனாலும் வேறொன்றாக இருப்பது பிள்ளைக்குத் தெம்பு தருகிறது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். பல் மருத்துவரிடம் வாயே திறக்காதவள், “நரிக்கு 42, எனக்கு எத்தனை, எண்ணுங்கள்” என்று வாயைத் திறந்து காட்டினாள்.

மனிதனும் விலங்கும் கலந்த உருவம் புதிதும் அல்ல. ஜெர்மனியில் ஒரு குகையில் 1939ல் கண்டெடுத்த சிலை ஒன்று இருக்கிறது. மாமத யானைத் தந்தத்தில் செதுக்கியது, 31 சென்டிமீட்டர் உயரம், சுமார் 40,000 ஆண்டுப் பழமை. உடல் மனிதன், தலை சிங்கம். அதைச் செதுக்கியவரை அவருடைய அப்பா என்ன கேட்டிருப்பார் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது ஒளிந்துகொள்வதுதான். 10, 11, 12 வயதில் என்ன நடக்கிறது? உடம்பு பிள்ளையைக் கேட்காமல் மாறுகிறது. வகுப்பில் யார் யாரோடு உட்காருவது என்பது ஒரே வாரத்தில் தலைகீழாகிறது. எல்லோரும் தன்னையே பார்ப்பது போலத் தோன்றுகிறது. டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் 1967ல் இதற்குக் ‘கற்பனைப் பார்வையாளர்கள்’ என்று பெயர் வைத்தார். நடந்தாலும் உட்கார்ந்தாலும் எதிரே ஒரு அரங்கம் நிறைய ஆட்கள் இருப்பது போல. அப்போது இந்தப் பிள்ளைகள் மாட்டிக்கொள்ளும் நரி முகமூடியின் வேலை என்ன? பார்க்கிறவர்கள் நரியைப் பார்க்கட்டும், என்னைப் பார்க்க வேண்டாம். நரியின் உடம்பைப் பார்த்துக் குண்டு என்றோ கறுப்பு என்றோ யாரும் சொல்வதில்லை.

அதனால் ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: “நரியாக இருக்கும்போது எது சுலபமாக இருக்கிறது?” நான் இதைக் கேட்க இரண்டு மாதம் ஆயிற்று. அவள் நெடுநேரம் கழித்துச் சொன்னாள்: “நரி தனியாகத்தான் சாப்பிடும், அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியாது.” அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது, மதிய இடைவேளையில் அவளோடு உட்கார யாருமில்லை என்று. முன்பு ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்தார்கள், பிறகு நான்கு பேர் ஆனார்கள். நாங்கள் அவள் மாட்டிக்கொள்ளும் வாலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

எல்லாப் பிள்ளைக்கும் அடியில் துக்கம் இருக்கும் என்று சொல்லவில்லை. சிலருக்கு நரி பிடிக்கும், அவ்வளவுதான். சிலருக்கு ஆட்டிசம் இருக்கலாம். மனிதர்களின் சாடைப் பேச்சை விட விலங்கின் நேரான நடத்தை அவர்களுக்கு எளிதாகப் புரியும். தீரியன்களிடம் ஆட்டிசக் கூறுகள் கூடுதலாக இருப்பதை 2019ல் வந்த ஓர் ஆய்வும் காட்டியது. பிள்ளைக்குக் கூச்சலும் நெரிசலும் உடையின் உரசலும் நெடுநாளாகவே தொந்தரவாக இருந்திருந்தால், அதைத் தனியாக ஒரு வல்லுநரிடம் கேளுங்கள்.

இப்போது விதிகள். “அப்படியானால் எதையும் கண்டிக்கவே கூடாதா?” என்பீர்கள். கண்டியுங்கள். ஆனால் வினைச்சொல்லைக் கண்டியுங்கள். கடிக்கக் கூடாது. தம்பியைப் பிராண்டக் கூடாது. ஆசிரியர் கேட்ட கேள்விக்கு உறுமக் கூடாது. முகமூடியோடு சாலையைக் கடக்கக் கூடாது, பக்கவாட்டில் வண்டி வருவது தெரியாது. இவற்றில் எதற்குமே அவள் நரியா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியதில்லை. நரியாக இருந்தாலும் பல் துலக்கித்தான் ஆக வேண்டும். நாலு கால் ஓட்டத்துக்கு எங்கள் வீட்டில் ஒப்பந்தம் இருந்தது: சிமென்ட் தரையில் கிடையாது, புல்லில் மட்டும். முதலில் மணிக்கட்டையும் தோளையும் தளர்த்திக்கொள்ள வேண்டும். வலித்தால் நிறுத்த வேண்டும். அது நிஜமாகவே கடினமான பயிற்சி. ஜப்பானின் கெனிச்சி இட்டோ 2008ல் 100 மீட்டரை நான்கு காலில் 18.58 விநாடியில் ஓடிக் கின்னஸில் இடம்பிடித்தார். 2015ல் அதையே 15.71 விநாடியாகக் குறைத்தார். நான் புல்லில் பத்தடி முயன்று பார்த்தேன். மறுநாள் காபி டம்ளரைத் தூக்க முடியவில்லை.

இன்னொரு பக்கமும் ஆபத்து உண்டு. சில பெற்றோர் மிகவும் நவீனமாக இருக்கப் பார்த்து, விலை உயர்ந்த வால் வாங்கி, உறவுக்காரர்களுக்கெல்லாம் அறிவித்து, வீடியோ எடுத்து ஊருக்கே காட்டிவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இந்த வயதின் வேலையே போட்டுப் பார்ப்பதும் கழற்றுவதும்தான். எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர் இளம் பருவத்தை ஓர் அவகாசக் காலம் என்றார், எந்த வேடத்துக்கும் நிரந்தரக் கையெழுத்துப் போடாமல் முயன்று பார்ப்பதற்கான காலம். ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டால் பிள்ளை எப்படித் திரும்பி வரும்? அறிவிப்பு வேண்டுமென்றால் பிள்ளை செய்யட்டும், நாம் வேண்டாம்.

வெளியே இருக்கிற பெரியவர்களும் நிதானமாக இல்லை. 2022 வாக்கில் அமெரிக்காவில் ஒரு வதந்தி பரவியது: பூனை என்று சொல்லும் மாணவர்களுக்காகப் பள்ளிக் கழிப்பறையில் பூனை மண் பெட்டி, அதாவது வீட்டுப் பூனை மலம் கழிக்க மண் நிரப்பி வைக்கும் பெட்டி, வைக்கிறார்கள் என்று. அரசியல்வாதிகள்கூட மேடையில் பேசினார்கள். விசாரித்தால் எந்தப் பள்ளியிலும் அப்படி இல்லை. கொலராடோவில் ஒரு மாவட்டப் பள்ளிகளில் மட்டும் அந்த மண் வாளிகளில் இருந்தது. துப்பாக்கிச் சூடு நடந்து வகுப்புக்குள்ளேயே பூட்டிக்கொள்ள நேர்ந்தால், பிள்ளைகள் அவசரத்துக்குப் பயன்படுத்துவதற்காக. எது கவலைப்பட வேண்டிய செய்தி என்று நீங்களே பாருங்கள். 2024ல் ரஷ்யாவிலோ, குவாட்ரோபிக்ஸுக்குச் சட்டத் தடை வேண்டும் என்றே நாடாளுமன்ற உறுப்பினர்கள் பேசினார்கள். புல்லில் தாவுகிற பிள்ளைக்கு எதிராக ஒரு சட்டம்!

விட்ட கதைக்கு வருகிறேன். என் மகள் சேர்ந்திருந்தது ஓர் இணையக் குழு, அவர்கள் மொழியில் ‘கூட்டம்’, ஓநாய்க் கூட்டம் என்கிற மாதிரி. பெரும்பாலும் அவள் வயதுப் பிள்ளைகள், முகமூடிக்கு எந்தப் பசை ஒட்டும் என்கிற பேச்சு. ஆனால் தலைவர் என்று ஒருவர் இருந்தார். “நான் சொன்னபடி பயிற்சி செய்தால் உடம்பே மாறும், வீட்டில் சொல்லாதே, தனியாகச் செய்தி அனுப்பு” என்று அவளுக்கு எழுதியிருந்தார். அனுபவமுள்ள தீரியன்களே உடம்பு மாறும் என்ற பேச்சைப் பொய் என்றுதான் சொல்கிறார்கள். அப்படிச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்ப்பவர்களைப் பற்றி எச்சரிக்கவும் செய்கிறார்கள். பெரும்பாலான சமூக ஊடகங்களில் கணக்குத் தொடங்கக் குறைந்த வயது 13. என் மகள் வயதைக் கூட்டிப் போட்டிருந்தாள். கணக்கை மூடினோம். திட்டவில்லை, ஏனென்றால் “உன்னிடம் சொன்னேன், நீ சிரித்தாய்” என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் இல்லை. முகமூடி செய்வதை என்னோடு சேர்ந்து செய்தாள். நான் ஒட்டிய காது இன்றும் கோணலாகத்தான் இருக்கிறது.

நேரமாகிவிட்டது என்று சீட்டு வந்திருக்கிறது. கேள்விச் சீட்டுகளும் வந்திருக்கின்றன, ஒன்றை மட்டும் படிக்கிறேன். “என் மகன் தன்னை ஓநாய் என்கிறான். ஆனால் தெருவில் நாயைப் பார்த்தால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான். இதை எப்படி எடுத்துக்கொள்வது?”

அம்மா, எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. இன்று ராத்திரி அவனிடமே கேளுங்கள். சிரிக்காமல் கேளுங்கள்.