பெட்டியில் 43, டேப்பில் 37

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒருவர் காலங்காத்தாலே போன் செய்தார். குரலில் ஒரே கொதிப்பு. "அண்ணே, 43 இஞ்ச்னு சொல்லித்தான் குடுத்தாங்க. நேத்து ராத்திரி டேப் வச்சு அளந்தேன், 37 சொச்சம்தான் வருது. அஞ்சு இஞ்சுக்கு மேல அடிச்சிட்டாங்க!" எப்படி அளந்தீர்கள் என்று கேட்டேன். "இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு." டிவியை அப்படி அளப்பதில்லை. மேல் மூலையிலிருந்து எதிர்ப்பக்கக் கீழ் மூலைக்குக் குறுக்காக அளக்க வேண்டும். அந்தக் காலத்தில் அரசு கொடுத்த 14 இஞ்ச் டிவிக்கும் இதே கணக்குதான். "சரி, அளந்துட்டுப் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

நான் டிவி மெக்கானிக். பிக்சர் டியூப் காலத்திலிருந்து இதே வேலை. என்னிடம் ஜனங்கள் வருவது டிவி வாங்கிய பிறகுதான். இன்றைக்கு வாங்கப் போகிறவர்களோடு பேச ஒரு வாய்ப்பு.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது 4கே. அகலத்தில் 3840, உயரத்தில் 2160, பெருக்கினால் 82,94,400 புள்ளிகள். ஃபுல் எச்டியில் இதில் கால்வாசி. அதனால் 4 மடங்கு தெளிவு என்பார் கடைக்காரர். புள்ளி 4 மடங்கு என்பது சரி. அது கண்ணுக்குத் தெரியுமா என்பது சோபா எங்கே கிடக்கிறது என்பதைப் பொறுத்தது. 43 இஞ்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு புள்ளியின் அகலம் சுமார் அரை மில்லிமீட்டர். பார்வை நன்றாக உள்ளவருக்கும் ஐந்தரை அடி தள்ளி உட்கார்ந்தால் அந்தப் புள்ளிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரியாது. 55 இஞ்சுக்கு அந்தத் தூரம் 7 அடி, 65 இஞ்சுக்கு எட்டரை. உங்கள் ஹாலில் சுவரிலிருந்து சோபா 9 அடி என்றால் 43 இஞ்சில் 4கே-க்கென்று தனியாகக் காசு கொடுப்பது வீண். கடைக்குப் போகுமுன் அந்தத் தூரத்தை அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொரு புகார் எனக்கு வாராவாரம் வரும். "புது டிவில பழசை விட மங்கலா இருக்கு, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் டிவியில் ஒரு கோளாறும் இருக்காது. கேபிள் பெட்டியில் எச்டி இல்லாத சாதாரண சேனல் ஓடும். அதில் வருவது 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். 4கே திரையில் இருப்பது சரியாக அதைப்போல் 20 மடங்கு. வந்தது ஒரு புள்ளி, மிச்சம் 19ஐ டிவி உத்தேசமாகப் போட்டு நிரப்புகிறது. சீரியல் நாயகியின் முகம் மெழுகு பூசிய மாதிரித்தானே தெரியும்? வீட்டில் முக்கால்வாசி நேரம் கேபிள்தான் என்றால், டிவியில் சேமிக்கிற காசில் எச்டி பெட்டி வாங்கலாம்.

அடுத்தது பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பலகை. பெட்டியில் இதைப் பெரும்பாலும் போடுவதில்லை, கேட்டாலும் கடைப் பையன் விழிப்பான். விலை குறைந்த டிவிகளில் வருவது இரண்டு வகை: ஐபிஎஸ், விஏ. விஏ-யில் கறுப்பு நன்றாகக் கறுப்பாக இருக்கும், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளை கறுப்பைப்போல் எத்தனை மடங்கு வெளிச்சம் என்ற கணக்கு, 3000க்கு 1 என்ற அளவில் வரும். ஐபிஎஸ்-இல் சுமார் 1000க்கு 1. இருட்டுக் காட்சியில் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாது. விஏ-யைப் பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிவிடும். இரண்டு வகைக்குமே பார்வைக் கோணம் 178 டிகிரி என்றுதான் போட்டிருப்பார்கள். கான்ட்ராஸ்ட் 10க்கு 1 என்று தேயும் வரைக்கும் "தெரிகிறது" என்று வைத்துக்கொண்டு போடும் கணக்கு அது! அந்த எண்ணை மறந்துவிடுங்கள். கடையில் டிவிக்கு நேராக நின்று பார்த்துவிட்டு, அப்படியே பக்கவாட்டில் நாலு எட்டு நடங்கள். அடுக்களை வாசலில் நின்று பார்க்கும் அம்மாவுக்கும் தரையில் ஓரமாகப் படுத்திருக்கும் பிள்ளைக்கும் எப்படித் தெரியும் என்பது அப்போது புரியும்.

10 லட்சத்துக்கு 1 என்று "டைனமிக் கான்ட்ராஸ்ட்" போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். திரைக்குப் பின்னால் எரியும் விளக்கை முழுசாக ஏற்றி வெள்ளையை அளந்து, பிறகு விளக்கைத் தணித்துக் கறுப்பை அளந்தால் எந்த எண்ணும் வரும்.

எல்இடி, கியூஎல்இடி, ஓஎல்இடி. முதல் இரண்டும் எல்சிடி திரைதான், பின்னால் எல்இடி விளக்கு. கியூ என்பது நிறம் தூக்கலாக வருவதற்கு நடுவில் வைக்கும் ஒரு படலம். ஓஎல்இடி-யில் மட்டும் பின்விளக்கே கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். கறுப்பு என்றால் அமாவாசைக் கறுப்பு. ஆனால் நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடும் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒரே மூலையில் நிற்கும் சின்னம் காலப்போக்கில் திரையில் தடமாகப் பதியலாம்.

எச்டிஆர் என்பது வெளிச்சமும் இருட்டும் இன்னும் எடுப்பாகத் தெரியும்படி தயாரித்த படம். அந்த முத்திரை இல்லாத டிவி இப்போது அபூர்வம். அந்தச் சிக்னலை டிவி வாங்கிக்கொள்ளும் என்பதற்கு மேல் அந்த முத்திரைக்கு அர்த்தமில்லை. காட்டத் தெம்பு வேண்டாமா? திரையின் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். எச்டிஆர் படங்களை 1000 நிட்ஸ் வெளிச்சத்தை மனதில் வைத்துத் தயாரிப்பது வழக்கம். மலிவு டிவி தருவது 250, 300. எத்தனை நிட்ஸ் என்று எங்கேயும் போடவில்லையென்றால், வெளியே சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

ஹெர்ட்ஸ் என்பது திரை ஒரு வினாடியில் எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கிறது என்ற கணக்கு. அதோடு 'மோஷன்' என்ற சொல் ஒட்டியிருந்தால் அது பேனலின் உண்மையான வேகம் இல்லை. வீட்டில் கேம் ஆடுகிறவர்கள் இருந்தால் 120 பாருங்கள், மற்றவர்களுக்கு 60 தாராளம். கேபிள் பெட்டி மாதிரியானவற்றைச் செருகும் எச்டிஎம்ஐ துளை குறைந்தது மூன்று இருக்கட்டும். ஹோம் தியேட்டர் வைத்திருந்தால் ஒரு துளைக்குப் பக்கத்தில் ஏஆர்சி என்று இருக்கிறதா பாருங்கள், டிவியின் சத்தம் ஹோம் தியேட்டருக்குப் போகும் வழி அது. டிவி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகமான ரேம் 2 ஜிபிக்குக் குறைந்தால் இரண்டே வருடத்தில் ரிமோட்டை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

இனி எந்தப் பெட்டியிலும் இல்லாத ஒன்று. என் மேஜைக்கு வரும் டிவிகளில் பாதிக்கு ஒரே நோய்: சத்தம் வரும், படம் வராது. அறையை இருட்டாக்கி, திரையில் டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்ப்பேன். உள்ளே படம் நிழலாக ஓடிக்கொண்டிருக்கும். பேனல் நன்றாக இருக்கிறது, பின்விளக்குப் பட்டைதான் போயிருக்கிறது. சின்னச் சின்ன எல்இடிகளைச் சரம் மாதிரி கோத்திருப்பார்கள். ஒன்று போனால் சரமே இருட்டு. சீக்கிரம் போவதற்குப் பெரிய காரணம் சூடு. புது டிவியை முதன்முதலில் போடும்போது வீடா, கடையா என்று கேட்கும். அவசரத்தில் கடை என்று அழுத்திவிட்டால், ட்யூப்லைட் வெள்ளத்தில் பளிச்சென்று தெரிவதற்கான முழு வெளிச்சத்தில் வருடக்கணக்கில் எரியும். வீடு என்று கொடுங்கள். 'பேக்லைட்' 100இல் இருந்தால் 60, 70க்குக் குறையுங்கள். இரண்டு நாளில் கண் பழகிவிடும்.

அந்த 43 இஞ்ச்காரர் சாயங்காலமே மறுபடி கூப்பிட்டார். "அண்ணே, குறுக்கால அளந்துட்டேன். நாப்பத்திரண்டரை வருது. அந்த அரை இஞ்ச் எங்கே?" பெட்டியில் செ.மீ. எவ்வளவு என்று பார்க்கச் சொன்னேன். "108." 108ஐ 2.54ஆல் வகுத்துப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப 43ன்னு ஏன்ணே பெருசாப் போட்டிருக்கான்?" அதற்கு என்னிடமும் பதில் இல்லை.

வணக்கம்.