படலைச் சங்கிலி

வணக்கம். எங்கள் அம்மம்மா இரவில் படலைக்குச் சங்கிலி போட்டு, ஒரு தரம் இழுத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் விளக்கை நூர்ப்பார். 1990களிலிருந்து பல நாடுகளில் குற்றம் குறைந்தது ஏன் என்ற இந்த உரைக்கு வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அந்தச் சத்தம்தான் காதில் கேட்கிறது.

நியூயோர்க்கில் 1990இல் நடந்த கொலைகள் 2,200க்கு மேல். 2017இல் 300க்கும் கீழே வந்துவிட்டது. குறையத் தொடங்கியதுமே அதற்கு ஆளாளுக்கு உரிமை கோரினார்கள். சின்னக் குற்றத்தையும் விடாமல் பிடித்தோம் என்றது பொலிஸ், சிறைகளை நிரப்பினோம் என்றார்கள் அரசியல்வாதிகள். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஒருவர் போயிருக்கிற கனடாவில், சிறையில் இருந்தோர் தொகை அமெரிக்காவில் போல ஏறவேயில்லை, அங்கேயும் 1990களில் குற்றம் குறைந்தது. இங்கிலாந்தில் 1995க்குப் பிறகு இறக்கம். நியூயோர்க் பொலிஸ் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் லண்டன் கள்ளனை எப்படிப் பிடிப்பது?

வறுமைதான் காரணமென்றால் 2008 பொருளாதார நெருக்கடியில் அமெரிக்காவில் களவு கூடியிருக்க வேண்டும். கூடவில்லை. பெட்ரோலில் கலந்த ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுத்தது, அதை 1970களிலிருந்து குறைத்தபடியால் பிறகு வளர்ந்த தலைமுறை அடங்கியது என்றும் ஒரு கட்சி உண்டு. (யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய எங்களுக்கு இதைக் கேட்கச் சிரிப்பு வரும்.) கொஞ்சம் உண்மை இருக்கலாம், முழுப் பாரத்தையும் அதன் தலையில் போட எனக்கு மனமில்லை.

நான் சாய்வது பூட்டின் பக்கம். கார்த் திறப்புக்குள் ஒரு சின்ன மின்னணுச் சில்லு (சிப்), அது இல்லாமல் எஞ்சின் இயங்காது; ஐரோப்பாவில் 1998இலிருந்து புதுக் கார்களுக்கு அது கட்டாயம். கார்க் களவு விழுந்தது. பொடியள் பலர் களவு பழகத் தொடங்குவதே காரில்தான், அந்த வாசல் அடைபட்டால் அடுத்த படிக்கு வருகிறவர்களும் குறைவார்கள். கொலைகள் குறைந்ததை இது முழுதாக விளக்காது, ஒப்புக்கொள்கிறேன்.

ரியூசன் வாசலில் என் சைக்கிள் களவு போன கதையைச் சொல்லி, அடுத்ததற்கு நல்ல பூட்டுப் போட்டேன் என்றபோது மகன் கேட்டான்: "அப்ப பக்கத்துச் சைக்கிளைத்தானே அப்பா தூக்கியிருப்பான்?" நல்ல கேள்வி. ஆய்வாளர்கள் இதையே தேடிப் பார்த்தார்கள். ஒரு இடத்தை இறுக்கினால் கள்ளர் எல்லோரும் அடுத்த ஒழுங்கைக்குப் போவதில்லை, பலர் விட்டுவிடுகிறார்கள்.

எல்லோரும் அல்ல. இங்கிலாந்தில் இன்று குற்றங்களில் ஐந்தில் இரண்டு பங்களவு பண மோசடி. போன கிழமை இரவு எனக்கும் ஒரு அழைப்பு வந்தது. பரிசு விழுந்திருக்காம், போனுக்கு வந்த இலக்கத்தைச் சொல்லட்டாம். படலைச் சங்கிலி போட்டபடியேதான் இருந்தது.