சி டிரைவில் சிவப்புக் கோடு

புதுச்சேரி வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 22 வருடமாகக் கம்ப்யூட்டர் பழுது பார்த்து வருகிறேன். புது விண்டோஸ் போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் எப்படி இடம் ஒழித்துக்கொள்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதிலிருந்து, "பதினொன்னு போடணும், இடம் பத்தலைன்னு சொல்லுது" என்றுதான் நிறையப் பேர் கடைக்கு வருகிறார்கள். திறந்து பார்த்தால், விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்குக் கீழே இருக்கும் நீலக் கோடு சிவப்பாகியிருக்கும். விண்டோஸ் 11 போட டிஸ்க் குறைந்தது 64 ஜிபி இருக்க வேண்டும். அது டிஸ்கின் மொத்த அளவு. காலி இடம் எவ்வளவு வேண்டும் என்று என்னைக் கேட்டால், 25 ஜிபியாவது இல்லாமல் நான் கைவைக்க மாட்டேன்.

சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் நம் ஆட்கள் முதலில் செய்வது அழிப்பதுதான். அங்கேதான் எனக்கு வருத்தம். முதலில் நகல் எடுங்கள், அப்புறம் அழியுங்கள். நான் சொல்ல வந்ததே இதுதான். நடுவில் யாராவது ரேடியோவைப் போட்டிருப்பீர்கள், அதனால் இன்னும் இரண்டு தடவையாவது சொல்வேன்.

பண்ருட்டிப் பக்கம் பலாத்தோப்பு வைத்திருந்த பெரியவர் ஒருவர். 'வைத்திருந்த' என்றால், 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கரையேறியதே, அதற்கு முன்னால். புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் ஏறிய புயல், பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போனது உங்களுக்கே தெரியும். அவருடைய தோப்பிலும் ஒரு மரம் மிஞ்சவில்லை. புயலுக்கு ஒரு வருடம் முன்னால் எடுத்த போட்டோக்கள் மட்டும் கம்ப்யூட்டரில் இருந்தன. பையன் லீவுக்கு வந்தவன், அப்பாவுக்குப் புது விண்டோஸ் போட்டுத் தரலாம் என்று உட்கார்ந்திருக்கிறான். இடம் பத்தவில்லை. 'நியூ ஃபோல்டர் 3' என்று ஒன்று கண்ணில் பட்டது. எல்லார் வீட்டிலும் இருக்குமே, பேர் வைக்கச் சோம்பல்பட்டு விட்ட ஃபோல்டர். உள்ளே பார்க்காமல் ஷிஃப்டோடு சேர்த்து டெலிட்டை அழுத்திவிட்டான். அப்படி அழித்தால் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது.

பெரியவர் அந்த சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். "தம்பி, எப்படியாவது எடுத்துக் குடு" என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபைலை அழித்தால், அது இருந்த இடம் காலி என்று கணக்கில் மட்டும்தான் மாறும். உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். அதே இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை மீட்க வழி உண்டு. ஆனால் புது விண்டோஸ் இறங்கினால் பல ஜிபி எழுதும். நீங்கள் அழித்துக் கொடுத்த இடத்தில்தானே எழுதும்? எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க் என்றால் இன்னும் மோசம், அழித்த இடத்தை அதுவே சீக்கிரம் துடைத்துவிடும்.

அந்தப் பையன் ஏற்கெனவே டவுன்லோடைத் தொடங்கியிருந்தான். டிஸ்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டி இரண்டு நாள் ஓடவிட்டேன். பேர் போய், வெறும் நம்பர்களோடு போட்டோக்கள் வந்தன. ஒரு படத்தைப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மேல் பாதியில் பலாக்கிளை, அடிமரத்தில் இரண்டு காய். அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம். அங்கேதான் அவருடைய அம்மா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாராம். "மரமாவது கிடைச்சுதே" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார்.

அதனால்தான் சொல்கிறேன், முதலில் நகல்.

நகல் என்றால் எங்கே? சி-யிலிருந்து டி டிரைவுக்கு மாற்றிவிட்டு, "எடுத்து வெச்சுட்டேன்" என்பார்கள். பெரும்பாலான வீடுகளில் சி, டி, ஈ மூன்றும் ஒரே டிஸ்க்தான். பீரோவில் மேல்தட்டில் இருந்ததைக் கீழ்தட்டில் வைத்த மாதிரி. இடம் கிடைக்கும், சரி. பீரோவே போனால்? வெளியே தனி டிஸ்கில் எடுங்கள். அந்த டிஸ்கையும் அதே மேஜை டிராயரில் வைக்காதீர்கள். ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் ஊருக்குள் வந்தபோது, சிபியூவும் நகல் டிஸ்கும் ஒரே சேற்றோடு என் கடைக்கு வந்தன. அக்கா வீட்டிலோ மச்சான் வீட்டிலோ ஒன்று இருக்கட்டும்.

டிடிபி கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த பழைய பத்திரிகைகள் உங்களிடம் நிறைய இருக்கும். ஃபார்மெட் பண்ணி, அதாவது டிரைவை மொத்தமாக அழித்து, விண்டோஸைப் புதிதாகப் போட்டால் அந்த எழுத்துருக்கள் போய்விடும். ஃபைல் இருந்தும் கல்யாணப் பத்திரிகை ஆங்கில எழுத்தாய்க் கலைந்து நிற்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸையும் சேர்த்து நகல் எடுங்கள்.

நகல் எடுத்தாயிற்றா? அதிலிருந்து நாலைந்து படத்தைத் திறந்து பார்த்தீர்களா? இனி அழிக்கலாம். டெஸ்க்டாப்பில் கிடப்பதும் டவுன்லோட்ஸில் கிடப்பதும் சி டிரைவில்தான் உட்கார்ந்திருக்கின்றன, முதலில் அங்கே பாருங்கள். டவுன்லோட்ஸை அளவு வாரியாக அடுக்கினால் நாலு வருடத்துக்கு முந்தைய சினிமா மேலே வந்து நிற்கும். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் என்றும் ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் பார்த்து முடிக்காதவரை அதில் டிக் போடாதீர்கள்.

போனில் வாட்ஸப் அடைத்துக்கொள்வதைப் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஒன்றே ஒன்று: ஃபார்மெட் பண்ணாமல் பழையதன் மேலேயே புது விண்டோஸ் போட்டால், சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்ட்' என்று பெரிய ஃபோல்டர் ஒன்று வரும். பழைய விண்டோஸுக்குத் திரும்பிப் போக அதுதான் வழி. 10 நாளில் தானே போய்விடும். அதுவரை பிரின்டர் ஓடுகிறதா, கணக்கு எழுதும் டேலி திறக்கிறதா என்று பாருங்கள், அந்த ஃபோல்டரில் கைவைக்காதீர்கள். வணக்கம்.